முடித்த வேலையைப் பதிந்து வைப்போம்

(திருநெல்வேலி பெயிண்ட், ஹார்டுவேர் மொத்த வியாபாரி ஒருவர் எழுதுவது)

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று நம் வியாபாரிகள் சொல்வது வழக்கம். பூவின் வாசமே ஆளைக் கூட்டி வந்துவிடும் என்பது அதன் பொருள். பூக்கடைக்கு அது சரி. பெயிண்ட் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் அது பொருந்துமா என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் விற்கும் சரக்கு டப்பாவிலும் பெட்டியிலும் இருக்கும்வரை அதற்கு வாசமும் இல்லை, வடிவமும் இல்லை. ஒரு வீட்டின் சுவரிலும் தரையிலும் ஏறிய பிறகே அதன் தரம் தெரிகிறது. அதற்குள் அது நம் கடையை விட்டுப் போய் வாடிக்கையாளரின் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நாம் செய்த நல்ல காரியம் அந்த வீட்டாருக்கும் அவர்களது உறவினருக்கும் மட்டுமே தெரியும்.

ஆகவே, புதுப்பித்து முடித்த வீடுகளின் வேலையை முறையாகப் படம் எடுத்து, குறிப்பு எழுதிப் பதிந்து வைப்பதும், அதை அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டுவதும் நம் தொழிலுக்கு அவசியமாகிவிட்டது. இதைப் பற்றிச் சில அனுபவங்களையும் முறைகளையும் உறுப்பினர்கள் முன் வைக்கிறேன். மளிகை வியாபாரிகள் 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கட்டுரையின் பின்பகுதியில் அதைச் சொல்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு கண்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியிலும் தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் ஊறி, உப்புப் பூத்து, பிளைவுட் அலமாரிகளின் அடிப்பலகை பிரிந்து, கதவுகள் உப்பி நிலையில் மாட்டிக்கொண்டு நின்றன. அடுத்து வந்த மாதங்கள் முழுவதும் பராமரிப்பு வேலைதான்.

வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருவது இயற்கை. வெளியூர்களில் இருந்து 'வீட்டைப் புதுப்பித்துத் தருகிறோம்' என்று பலர் வந்தார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. சிலர் செல்போனில் 40, 50 படங்களைக் காட்டி, 'இதெல்லாம் நாங்கள் செய்தது' என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படி வந்த ஒருவர் காட்டிய சமையலறைப் படத்தை என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் எனக்கும் காட்டினார். அழகான சமையலறைதான். ஆனால் படத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது! திருநெல்வேலி ஜில்லாவில் எந்த ஊரில் பனி கொட்டுகிறது என்று கேட்டதும்தான் பெரியவருக்கு விஷயம் புரிந்தது. நல்லவேளையாக அவர் பணம் கொடுத்திருக்கவில்லை. கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் ஊரில் இருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே தெருவில் 30 வருடமாகக் கடை வைத்திருக்கும் நம் சில்லறை வியாபாரியிடம் நல்ல சரக்கு இருந்தது. அவருக்குத் தெரிந்த கைதேர்ந்த கொத்தனாரும் பெயிண்டரும் இருந்தார்கள். அவர்கள் செய்து முடித்த நூற்றுக்கணக்கான வீடுகள் அதே ஊரில் நின்றன. ஆனால் கையில் எடுத்துக் காட்ட ஒரு படம் இல்லை. இல்லாத வேலைக்குப் படம் வைத்திருந்தவருக்கு முன்பணம் கிடைத்தது. இருக்கிற வேலைக்குப் படம் வைத்திராதவருக்கு 'யோசித்துச் சொல்கிறோம்' என்ற பதில் கிடைத்தது.

பணம் கொடுப்பவர் ஊரில் இல்லை

முன்பெல்லாம் வீட்டுக்காரர் நேரில் வருவார். 'மேல ரத வீதியில் இன்னார் வீட்டுக்கு அடித்த கலர்தான் இது, போய்ப் பாருங்கள்' என்றால் சாயங்காலம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் முன்பணத்தோடு வருவார். இன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் வயதான தாய் தந்தையர். செலவு செய்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் அல்லது மகள். ஒரு அம்மாள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, நீங்க சொன்னா எனக்குச் சரிதான். ஆனா தம்பி அங்க இருந்து போட்டோ கேக்கான். நான் எதைக் காட்டட்டும்?"

அந்த அம்மாள் கேட்டது நியாயம். அவருக்கு நம் மேல் உள்ள நம்பிக்கையை அவர் மகனுக்கு அனுப்பி வைக்க வழியில்லை. படத்தை அனுப்பலாம். எனவே படம் என்பது நம் வாய்வார்த்தைக்குப் பதிலாக வந்தது அல்ல. அந்த வாய்வார்த்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனிக்கு 1954-ல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்து கொடுத்த 'கட்டு' என்ற சிறுவன், கையில் பிரஷ்ஷுடன் நம் கடைத் தகரப் பலகைகளில் பல வருடம் நின்றான். அன்றைக்குப் படம் போட்டு டப்பாவை விற்றார்கள். இன்றைக்குப் பெயிண்ட் கம்பெனிகளே தங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, முடித்த அறையைப் படம் பிடித்து அதையே அடுத்த விளம்பரமாக வெளியிடுகிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஊரும் ஊரில் நிற்கும் வீடுகளும்தான். அதை நாம் பயன்படுத்தாமல் விட்டால் வேறு யார் பயன்படுத்துவார்கள்?

பழைய யோசனைதான்

'முன்பு இப்படி, பின்பு இப்படி' என்று காட்டுவது செல்போன் வந்த பிறகு தோன்றிய வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 1788-ல் தோட்ட அமைப்புத் தொழிலைத் தொடங்கிய ஹம்ப்ரி ரெப்டன் என்பவர், பணக்காரர்களின் பண்ணை நிலங்களை வண்ணப் படமாக வரைந்து கொடுப்பார். படத்தின் மேல் ஒரு காகித மடிப்பு ஒட்டியிருக்கும். மடிப்பு மூடியிருக்கும்போது நிலம் இப்போது இருக்கும் நிலை தெரியும். மடிப்பைத் தூக்கினால் அவர் செய்ய நினைக்கும் மாற்றம் தெரியும். சிவப்புத் தோல் அட்டை போட்டுக் கொடுத்ததால் அவற்றுக்குச் சிவப்புப் புத்தகங்கள் என்றே பெயர் வந்தது. அவர் காட்டியது செய்யப்போகும் வேலை. நாம் காட்டுவது செய்து முடித்த வேலை. அதனால் நம் பேச்சுக்கு இன்னும் பலம் அதிகம்.

எந்தெந்த நிலையில் படம் எடுப்பது?

பெரும்பாலோர் வேலை முடிந்து, தரை துடைத்து, பூச்சட்டி வைத்த பிறகுதான் படம் எடுக்கிறார்கள். அது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் நம் வேலையின் தரம் தெரியாது. என் அனுபவத்தில் நான்கு நிலைகளில் படம் வேண்டும்.

1. வேலைக்கு முன்: சுவரில் ஓதம் ஏறிய இடம், தரையில் வெடிப்பு, கசியும் தட்டோடு, பழைய கடப்பைக் கல் சமையல் மேடை. குறையை மறைக்காமல் எடுக்க வேண்டும். சாமான்களை ஒதுக்குவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

2. வேலை நடக்கும்போது: இதுதான் மிக முக்கியம். சுவரைக் கொத்திப் பதித்த தண்ணீர்க் குழாயும் மின்சாரக் குழாயும் பூச்சு வேலை முடிந்தால் மறைந்துவிடும். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்தபின் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது நிறுத்திச் சோதிப்பார்கள். டைல்ஸ் ஒட்டியபின் அதற்குச் சாட்சி கிடையாது. அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு, தரையில் இருந்து எத்தனை அடியில், மூலையில் இருந்து எத்தனை அடியில் குழாய் போகிறது என்பது தெரியும்படி எடுத்து வைத்தால், ஐந்து வருடம் கழித்து அந்தச் சுவரில் ஆணி அடிக்கவோ துளை போடவோ வரும்போது வீட்டுக்காரர் நம்மைத்தான் தேடி வருவார். வியாபாரத்துக்காக எடுத்த படம் வீட்டுக்காரருக்கே பத்திரமாகிவிடுகிறது.

3. முடிந்த பிறகு: முதல் படம் எடுத்த அதே இடத்தில் நின்று, அதே திசையில்.

4. ஒரு மழைக்காலம் கழித்து: அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊர் வடகிழக்குப் பருவமழை. அது முடிந்ததும் ஜனவரியில் அந்த வீட்டுக்குப் போய் அதே சுவரை மறுபடியும் எடுக்க வேண்டும். பெயிண்ட் அடித்த மறுநாள் எல்லாச் சுவரும் அழகுதான். ஒரு மழையைத் தாங்கி நிற்கும் சுவரே நம்முடைய சான்றிதழ். பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் இந்த நான்காவது படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. உள்ளூர்க்காரருக்கு மட்டுமே இது எளிது. சைக்கிளை எடுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடலாம்.

வெள்ளத்தில் ஊறிய வீடுகளில் இந்த வரிசையின் பயன் நன்றாகத் தெரிந்தது. ஊறிய சுவர் நன்றாகக் காய்வதற்கு முன் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் பொரிந்து உதிரும். பழைய பூச்சைச் சுரண்டி, உப்பைத் துடைத்து, காயவிட்டு, பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். அதற்கு நாளாகும். 'ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்' என்று சொன்னவரிடம் போனவர்கள் பலர். தேதி போட்ட படங்களைக் காட்டி, 'இந்தச் சுவர் காய இத்தனை நாள் விட்டோம், அடுத்த மழைக்குப் பிறகும் இப்படித்தான் இருக்கிறது' என்று விளக்க முடிந்தவர்களுக்கு வாடிக்கையாளர் பொறுத்திருந்தார்கள்.

படம் எடுக்கும் முறை

இதற்கு ஸ்டூடியோக்காரர் தேவையில்லை. கடைப் பையன் கையில் இருக்கும் செல்போனே போதும். சில விதிகளை மட்டும் கடைப்பிடித்தால் சரி.

• லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் படங்கள் மங்குவதற்குக் காரணம் கை எண்ணெய்தான்.

• காலை வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து எடுப்பது நல்லது. ஜன்னலுக்கு எதிரே நின்று எடுத்தால் அறை இருட்டாகத் தெரியும்; ஜன்னலை முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வைத்துக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சமும் மின்விளக்கும் கலந்தால் நிறம் மாறித் தெரியும். ஆகவே விளக்கை அணைத்துவிடலாம்.

• செல்போனை நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சுவர் விழுவதுபோல் தெரியும்.

• முதல் படம் எடுக்கும்போது எங்கே நின்றோம் என்பதை 'வாசல் நிலையில் இருந்து இரண்டு அடி உள்ளே' என்பதுபோல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடியும்போது தரையில் போட்ட அடையாளம் இருக்காது.

• நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதிகளைத் தொடவே கூடாது. பெயிண்ட் வியாபாரிக்கு இது மிகவும் முக்கியம். படத்தில் பார்த்த நிறத்தை வாடிக்கையாளர் கேட்பார். சுவரில் அது வராது. பழி நம் கடைக்கு வரும்.

• அறையைப் பெரிதாகக் காட்டும் அகல லென்ஸையும் தவிர்க்கலாம். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம்போல் தெரிந்தால், பார்ப்பவர் நம்மை நம்பமாட்டார்.

ஒரு வீட்டுக்கு எட்டு முதல் பத்துப் படங்கள் போதும். நூறு படம் எடுத்து ஒன்றையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவதைவிட இது மேல்.

குறிப்பு இல்லாத படம் பாதிப் படம்

அடுத்த வாடிக்கையாளர் படத்தைப் பார்த்ததும் கேட்பது மூன்று கேள்விகள்: என்ன சரக்கு, எத்தனை நாள், எவ்வளவு ஆனது? இதற்குப் படம் பதில் சொல்லாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டையில் கீழ்க்கண்டவற்றை எழுதி வைக்க வேண்டும்.

வீட்டின் வயது, பகுதி (கதவு எண் வேண்டாம்), இருந்த குறை, செய்த வேலை, சரக்கின் கம்பெனி, பெயிண்ட் என்றால் நிற எண், டைல்ஸ் என்றால் அளவும் பேட்ச் எண்ணும், போன அளவு, வேலை நாட்கள், சரக்குச் செலவும் கூலியும் தனித்தனியாக, வேலை நடந்த மாதமும் வருடமும். விலை ஏறி இறங்கும் என்பதால் வருடம் போடாத தொகை பின்னால் வம்புக்கு இடமாகும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 12 அடிக்கு 10 அடி அறை. தரை 120 சதுர அடி. 600 மி.மீ. சதுர டைல்ஸ் பெட்டிக்கு 4 வீதம் வரும், அது 1.44 சதுர மீட்டர், அதாவது சுமார் 15.5 சதுர அடி. 8 பெட்டி போதும் என்று வீட்டுக்காரர் கணக்குப் போடுவார். ஆனால் சுவரோரம் 4 அங்குலப் பட்டைக்குச் சுமார் 14 சதுர அடி, வெட்டுச் சேதாரம் நூற்றுக்குப் பத்து என்று சேர்த்தால் சுமார் 147 சதுர அடி. 10 பெட்டி வேண்டும். குறைவாக வாங்கிவிட்டு ஒரு மாதம் கழித்து இரண்டு பெட்டி கேட்டால் வேறு பேட்ச் வரும், நிறம் லேசாக மாறும். இதை வாயால் சொன்னால் 'கடைக்காரர் இரண்டு பெட்டி கூடத் தள்ளப் பார்க்கிறார்' என்றுதான் நினைப்பார்கள். 'இந்த அறைக்கு 10 பெட்டி போனது, இதோ படம், இதோ கணக்கு' என்று அட்டையைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் சம்மதம்

வேலை நம்முடையதாக இருக்கலாம், வீடு அவர்களுடையது. கேட்காமல் படத்தை வெளியே காட்டுவது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஒரு வியாபாரி, முடித்த வீட்டின் படுக்கையறைப் படத்தை நல்ல எண்ணத்தோடுதான் பலருக்கும் அனுப்பினார். அதில் பீரோ இருக்கும் இடமும் பின்வாசல் தாழ்ப்பாளும் தெளிவாகத் தெரிந்தன. வீட்டுக்காரர் உள்ளூரில் இல்லாதவர். விஷயம் தெரிந்ததும் 20 வருடப் பழக்கம் அன்றோடு முடிந்தது.

ஆகவே பூஜை அறை, பீரோ, பெட்டகம், பின்வாசல், குடும்பப் போட்டோக்கள், குழந்தைகள், பெயர்ப் பலகை, கதவு எண், மின் இணைப்பு எண், வாகன எண் ஆகியவை படத்தில் வரக் கூடாது. செல்போனில் படம் எடுக்கும்போது இடத்தைப் பதியும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிட வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பற்றிய விவரத்தைப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. கொட்டேஷன் கொடுக்கும்போதே சம்மதம் கேட்டு வைப்பது எளிது. கீழ்க்கண்ட மாதிரியை உறுப்பினர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்:

"……… பகுதியில் உள்ள எனது வீட்டில் நடந்த பராமரிப்பு வேலையின் படங்களை, என் பெயர், தெரு, கதவு எண் இல்லாமல், ……… கடையார் தங்கள் ஆல்பத்திலும் செல்போன் வழியாகவும் பிற வாடிக்கையாளர்களுக்குக் காட்டச் சம்மதிக்கிறேன். காட்ட இருக்கும் படங்களை நான் பார்த்துவிட்டேன். பின்னர் வேண்டாம் என்று நான் தெரிவித்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும். தேதி, கையொப்பம்."

சம்மதம் தராதவரை வற்புறுத்தக் கூடாது. அந்த வேலைக்கு எடுத்த படங்களை அவரிடமே கொடுத்துவிட்டால் அந்த நல்லெண்ணமும் ஒரு விளம்பரம்தான்.

அடுத்தவர் படத்தைக் காட்டலாமா?

கூடவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்து 'எங்கள் வேலை' என்று போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கும் உரிமையாளர் உண்டு. நாம் பணம் கொடுத்து ஒரு போட்டோக்காரரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் நாமே முதல் உரிமையாளர். அடுத்தவர் எடுத்ததற்கு நமக்கு உரிமை இல்லை. மேலும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மக்களைத் தவறாக நம்ப வைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பனி கொட்டிய ஜன்னலைக் காட்டியவர் ஊரை விட்டுப் போய்விடலாம். நாம் மறுநாள் காலையும் அதே கடையைத் திறக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சரக்கு கொடுத்தோம். வேலை செய்தவர் கொத்தனாரும் ஆசாரியும் பெயிண்டரும். 'எங்கள் கடைச் சரக்கில் செய்த வேலை' என்று எழுதுவதே முறை. செய்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் அட்டையில் போட வேண்டும். ஒரு பெயிண்டர் 25 வருடம் சாரத்தில் நின்று வேலை செய்தாலும் அவர் கையில் ஒரு சான்றும் இருப்பதில்லை. படங்களில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அதைக் காட்டுவார். காட்டும்போது நம் கடைப் பெயரும் கூடவே போகும்.

எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது?

முதலில், கடையில் ஓர் ஆல்பம். பிரிண்ட் போட்டு, இடப்பக்கம் முன்படம், வலப்பக்கம் பின்படம், கீழே குறிப்பு. வயதானவர்கள் செல்போனைவிட இதையே விரும்புகிறார்கள். பெயிண்ட் வேறு, குளியலறை வேறு, சமையலறை வேறு, மேல்தளக் கசிவு வேறு என்று பிரித்து வைத்தால் வந்தவரின் தேவைக்கு ஏற்ப எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப். வியாபாரிகளுக்கென்று தனியாக உள்ள வாட்ஸ்அப் 2018-ல் வந்தது. கட்டணம் இல்லாமல் அதில் சரக்குப் பட்டியலோடு படங்களையும் வைக்கலாம். ஸ்டேட்டஸில் போடுவது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கேட்ட வாடிக்கையாளருக்கு, அவர் வீட்டைப் போன்ற இரண்டு வீடுகளின் படத்தை மட்டும் அனுப்புவது நல்லது. காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் இருபது படம் அனுப்பினால் நம் எண்ணைத் தடை செய்துவிடுவார்கள்.

மூன்றாவது, கூகுளில் நம் கடையின் பக்கம். இதற்கும் கட்டணம் இல்லை. 'பக்கத்தில் பெயிண்ட் கடை' என்று வெளியூரில் இருந்து தேடும் மகனுக்கு நம் கடை தெரிவது அதில்தான். கடை முகப்பு, வேலை நேரம், போன் எண் ஆகியவற்றோடு முடித்த வேலைப் படங்கள் பத்தாவது அதில் இருக்க வேண்டும்.

இவற்றின் மூலப் படங்களை ஒரே செல்போனில் வைத்திருப்பது ஆபத்து. கம்ப்யூட்டரிலோ தனி டிஸ்கிலோ ஒரு பிரதி, கடைக்கு வெளியே வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

மளிகை வியாபாரிகளுக்கு இதில் என்ன?

இப்போது மளிகை அண்ணாச்சிகளிடம் வருகிறேன். ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர் முதலில் வருவது உங்கள் கடைக்குத்தான். 'நல்ல பிளம்பர் யார், பெயிண்டர் யார்' என்று கேட்பதும் உங்களிடம்தான். வாயால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, வேலை சரியில்லை என்றால் அந்தப் பழியைச் சுமப்பதும் நீங்கள்தான். உங்கள் பகுதி ஹார்டுவேர் வியாபாரியின் வேலை அட்டைகள் நான்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு அட்டையைக் கொடுத்து, 'பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லலாம். பதிலுக்கு, கிரகப்பிரவேசத்துக்குப் பலசரக்குப் பட்டியல் கேட்கும் வீட்டாரை அவர் உங்களிடம் அனுப்பட்டும். வீடு புதுப்பித்தவர் அடுத்து விருந்து வைக்காமல் இருப்பதில்லை.

உங்கள் சொந்தக் கடையைப் புதுப்பிக்கும்போதும் இதே முறை உதவும். சாக்கு அடுக்கிய பலகைக் கடையை இரும்பு ராக் போட்டு, ஈரம் ஏறாமல் சரக்கைத் தரையில் இருந்து உயர்த்தி, நல்ல வெளிச்சம் வைத்து மாற்றினால், முன்னும் பின்னும் படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். 'சரக்கை இப்படிச் சுத்தமாக வைக்கிறார்' என்ற நினைப்பு பெண்கள் மனதில் நிற்கும்.

இதற்கு மேல் ஒரு பயனும் உண்டு. 2023 வெள்ளத்தில் சரக்கோடு சேர்ந்து கணக்குப் புத்தகமும் பில் கட்டும் நனைந்துபோன கடைகளைப் பார்த்தோம். இழப்பீடு கேட்கும்போது இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது, 'என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது' என்பதைத்தான். ராக், பிரிட்ஜ், தராசு, மேஜை, சரக்கு நிலவரம் ஆகியவற்றின் தேதியுள்ள படங்களும், பில்களின் படங்களும் கடைக்கு வெளியே ஓரிடத்தில் இருந்தால் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். விளம்பரத்துக்கு எடுத்த படம் ஆபத்துக்கும் உதவும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

கடைசியாக நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தனிக் கடையாக நாம் எடுக்கும் பத்துப் படம் சிறிது. சங்க அலுவலகத்தில் பொது ஆல்பம் ஒன்று தொடங்கலாம். பெயிண்ட், டைல்ஸ், மின்சாதனம், மரம், பிளம்பிங் வியாபாரிகள் ஆளுக்கு இரண்டு வேலையை மேலே சொன்ன முறையில் பதிந்து கொடுத்தால், ஊர் முழுவதும் நடந்த நல்ல வேலைகள் ஓரிடத்தில் சேரும். பொய்ப்படம் வராமல் இருக்க, வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் நம் பில்லின் பிரதியும் இருந்தால் மட்டுமே சேர்ப்பது என்று விதி வைக்கலாம். வெளியூர் ஆட்கள் வந்து முன்பணம் கேட்கும்போது, 'சங்க ஆல்பத்தில் இருக்கிறதா?' என்று மக்கள் கேட்கும் நிலை வந்தால், ஏமாறுகிறவர்களின் தொகை குறையும். நம் உறுப்பினர்களின் வியாபாரமும் நிற்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செப்டம்பரிலேயே மேல்தளக் கசிவு வேலைகள் தொடங்கிவிடும். அடுத்து எந்த வீட்டுக்குச் சரக்கு ஏற்றினாலும், வண்டி புறப்படும் முன் கடைப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: சாமான் இறக்குவதற்கு முன்னால் அந்தச் சுவரை ஒரு படம் எடுத்து வரட்டும்.